கல்தூசியும் படிகாரமும்: ஒரு தாயின் கேள்வி



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒன்று, தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகிய இரு நோய்களுக்கும் எதிரான ஊக்க ஊசி. தாதியர் வருவதற்கு முன்பாகப் பெற்றோரின் இசைவுப் படிவங்களைத் திரட்டுவது வகுப்பாசிரியரின் பணி. என் வகுப்பில் ஒரே ஒரு படிவம் மட்டும் கையொப்பம் இல்லாமல் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் அம்மாணவனின் தாயாரே நேரில் வந்தார்.

"டீச்சர், இந்த ஊசி மருந்துல அலுமினியத் தூள் கலந்திருக்காமே, உண்மையா?"

"ஆமாம்மா, ரொம்பக் கொஞ்சம் இருக்கும். பயப்பட ஒன்னுமில்ல. எத்தனையோ வருசமா எல்லாப் பிள்ளைங்களுக்கும் போடுறதுதானே" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா இருபது வருசம் கருங்கல் குவாரியில வேல செஞ்சாரு டீச்சர். கடைசி நாலு வருசம் மூச்சு விட முடியாம உக்காந்துக்கிட்டேதான் தூங்குனாரு. நுரையீரல்ல கல்லுத் தூசி நெறைஞ்சிருச்சின்னு டாக்டர் சொன்னாரு. ஒடம்புக்குள்ள போன தூசி என்ன செய்யும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். இப்ப என் மகன் ஒடம்புல ஒரு தூச ஊசி வச்சே ஏத்தணும்னு சொல்றீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

என்னிடம் விடை இல்லை. நான் கற்பிப்பது தமிழும் நன்னெறிக் கல்வியும். எனினும், விடை தெரியாததைவிட, தெரிந்ததுபோல் முதலில் பேசியதுதான் என்னை உறுத்தியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி கூறுவார்: மாணவன் கேட்டதற்கு விடை தெரியவில்லையென்றால், "தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும் என்று. அத்துணிவு பெற்றோரிடமும் வேண்டும் அல்லவா? "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் என் கல்லூரித் தோழியின் துணையோடு அந்த வாரம் முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. அத்தாயின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. அறிவியலாளர்களே பல்லாண்டுக் காலம் விடை தேடிய கேள்வி அது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு முள்ளும் ஒரு நட்சத்திர மீனும்

உடலுக்குள் புகும் அந்நியப் பொருளை முதலில் எதிர்கொள்வது யார்? இக்கேள்விக்கு விடை கண்டவர் இலியா மெச்னிகாவ் என்னும் உருசிய விலங்கியலாளர். 1882-ஆம் ஆண்டு அவர் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் குடும்பத்தினர் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் மட்டும் வீட்டில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலைக் கொண்ட நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் நகர்வதைக் கண்டார். வெளிப்பொருள் ஒன்று உள்ளே புகுந்தால் இவ்வணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்ளுமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. தோட்டத்துக்குச் சென்று சில ரோஜா முட்களைப் பறித்து வந்து அந்த உயிரியின் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் விடியலில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி அவ்வணுக்கள் மொய்த்து நின்றன!

இவ்வாறு பிற பொருள்களைச் சூழ்ந்து விழுங்கும் அணுக்களை நாம் விழுங்கணுக்கள் என்போம். அவற்றுள் உருவில் பெரியவை பெருவிழுங்கணுக்கள். நம் நுரையீரலிலும் தோலிலும் தசையிலும் காவலாளிபோல் இருப்பவை இவை. இக்கண்டுபிடிப்புக்காக மெச்னிகாவ் 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் காவலாளிகள் கிருமிகளை மட்டும் விழுங்குவதில்லை. தூசியையும் விழுங்குகின்றன. அங்குதான் அத்தாயின் தந்தையாருடைய கதை தொடங்குகிறது.

ஏழு கணவரை இழந்த பெண்கள்

கல்தூசி மனிதரைக் கொல்லும் என்பது மிகப் பழைய செய்தி. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1556-இல் வெளிவந்தது. கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை மணந்து எழுவரையும் சுரங்க நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக அவர் அதில் குறிப்பிடுகிறார். 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி தொழில்சார் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். கல்தச்சர்களின் நோயும் அவருடைய பார்வைக்குத் தப்பவில்லை.

தமிழருக்கும் இந்நோய் அந்நியமானதன்று. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்களும் அவர்தம் வழிவந்தோருமே ஆவர். 1940-களில் அங்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குச் சிலிக்கோசிஸ் எனப்படும் கல்தூசி நோய் இருந்தது கண்டறியப்பட்டது. அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் நுரையீரலில் படிந்த தூசி, சுரங்கம் மூடப்பட்டதும் வெளியேறிவிடுவதில்லை.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காப் படிகம் நிறைந்திருக்கிறது. பாறையைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியில் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சளியோடு அவை வெளியேறும். ஆனால், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடுகின்றன. அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணு அவற்றை உடனே விழுங்குகிறது.

விழுங்கிய பிறகு என்ன நடக்கிறது? இதற்குத் தெளிவான விடை 1966-இல்தான் கிடைத்தது. அலிசன், ஹாரிங்டன், பர்பெக் ஆகிய மூவரும் எலியின் பெருவிழுங்கணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அவற்றுக்குச் சிலிக்காத் துகள்களைக் கொடுத்தனர். அணுக்கள் துகள்களை விழுங்கி, லைசோசோம் என்னும் செரிமானப் பைக்குள் தள்ளின. கிருமியாக இருந்திருந்தால் அப்பைக்குள் செரித்திருக்கும். சிலிக்காவோ செரிக்கவில்லை. மாறாகப் பையின் சுவரைச் சிதைத்தது. உள்ளிருந்த செரிமானப் பொருள்கள் கசிந்து அணுவையே கொன்றன.

அணு இறந்ததும் துகள் மீண்டும் வெளியே வருகிறது. அதை வேறோர் அணு விழுங்குகிறது. அதுவும் இறக்கிறது. ஒரே துகள், ஒன்றன்பின் ஒன்றாகக் காவலாளிகளைக் கொன்றுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் எழும் அழற்சியால் நுரையீரலில் தழும்பு கூடிக்கொண்டே வருகிறது. குவாரி வேலையை விட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்நோய் வளர்வதற்குக் காரணம் இதுவே.

படிகாரம் செய்த வேலை

இனி, கதையின் மறுபக்கத்துக்கு வருவோம்.

படிகாரத்தை அறியாத தமிழர் உண்டோ? முடிதிருத்தும் கடையில் சவரம் செய்த பின் முகத்தில் தேய்ப்பார்கள். கண்ணேறு படாமலிருக்க வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். குழாய் நீர் வராத காலத்தில், கலங்கிய ஆற்றுநீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டுச் சிறிது நேரம் வைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளிந்துவிடும் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். படிகாரம் என்பது அலுமினியம் கலந்த ஓர் உப்பு.

தொண்டை அடைப்பான் அக்காலத்தில் பிள்ளைகளைப் பறித்துச் செல்லும் பெருநோய். கிருமி உமிழும் நச்சினால் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சு அடைபடும். நச்சு இதயத்தையும் தாக்கும். இங்கிலாந்தில் 1930-களில்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் இந்நோயால் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கஸ்தோன் ரமோன், இக்கிருமியின் நச்சை ஃபார்மலினாலும் மிதமான வெப்பத்தாலும் பக்குவப்படுத்தி, அதன் கொடுமையை நீக்கினார். டாக்ஸாய்டு எனப்படும் அப்பொருளை உடலில் செலுத்தினால் நோய் வராது. எதிர்ப்பாற்றல் மட்டும் உண்டாகும்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. தூய டாக்ஸாய்டு மட்டும் தந்த எதிர்ப்பாற்றல் போதவில்லை. குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்த ரமோன் ஒரு விந்தையைக் கவனித்தார். ஊசி போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளிடம் எதிர்ப்பொருள் மிகுதியாக உண்டாயிற்று. அப்படியானால் வேண்டுமென்றே சிறு வீக்கத்தை உண்டாக்கினால் என்ன? டாக்ஸாய்டுடன் ரொட்டித்தூள், மாவுப்பொருள், நமக்கெல்லாம் பழக்கமான மரவள்ளி மாவு ஆகியவற்றைக்கூடக் கலந்து பார்த்தார். எதிர்ப்பாற்றல் கூடியது!

இலண்டனுக்கு அருகே பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அலெக்சாண்டர் கிளென்னி. மெச்னிகாவ் முள்ளைச் செருகிப் பார்த்த அதே 1882-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1926-இல் அவரும் அவருடைய குழுவினரும் டாக்ஸாய்டு நீரில் படிகாரத்தைச் சேர்த்தனர். பாட்டியின் குடத்தில் சேறு படிந்ததுபோல, டாக்ஸாய்டு வெண்ணிறத் துகள்களாகத் திரண்டு படிந்தது. அந்தத் துகள்களைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தியபோது, வெறும் டாக்ஸாய்டு பெற்றவற்றைவிடப் பன்மடங்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று.

ஏன் அப்படி? மருந்து படிகாரத்தில் ஒட்டிக்கொண்டு, ஊசி போட்ட இடத்திலேயே சேமிப்புக் கிடங்குபோல் தங்கிச் சிறிது சிறிதாகக் கசிவதே காரணம் என்று கிளென்னி கருதினார். 1931-இல் அவருடைய குழுவினர், ஊசி போட்டு மூன்று நாள் ஆன கினிப்பன்றியின் தோலிலிருந்து அச்சிறு கட்டியை எடுத்து அரைத்து, வேறு கினிப்பன்றிக்குச் செலுத்தினர். அதற்கும் எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. கிடங்குக் கருத்து பாடநூல்களில் நிலைபெற்றது.

இன்றைய தடுப்பூசிகளில் படிகாரத்துக்குப் பதிலாக, முன்கூட்டியே செய்து வைத்த அலுமினிய ஹைட்ராக்சைடு அல்லது அலுமினிய பாஸ்பேட் கூழ் பயன்படுகிறது. அந்த ஹைட்ராக்சைடின் ஒவ்வோர் அடிப்படைத் துகளும் சில நானோமீட்டர் அகலமே உடையது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறு. அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாக ஊசிக்குள் இருக்கின்றன. ஆக, அத்தாய் சொன்னது முற்றிலும் உண்மை. ஊசியில் இருப்பது ஒருவகைக் கனிமத் தூசிதான்.

2008: இரு கதைகளும் சந்தித்த ஆண்டு

படிகாரம் வேலை செய்கிறது என்பது தெரியும். எப்படி என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெளிவாகவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் ஜேன்வே 1989-இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். தடுப்பூசியில் இப்படி எதையாவது கலந்தால்தான் உடல் விழித்துக்கொள்கிறது. ஏன் என்று எங்களுக்கே தெரியாது. இது எங்கள் துறையினர் வெளியே சொல்லக் கூசும் இரகசியம் என்னும் பொருள்பட அவர் கேலியாகச் சொன்னார்.

விடையின் ஒரு நுனி எதிர்பாராத இடத்தில் அகப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் சோப் என்பவரின் குழுவினர், விழுங்கணுவுக்குள் இருக்கும் ஓர் எச்சரிக்கைப் பொறியை 2002-இல் இனங்கண்டு, அதற்கு இன்ஃப்ளமசோம் என்று பெயரிட்டனர். அழற்சியைத் தூண்டும் மணி என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம். 2006-இல் கால் பெருவிரல் மூட்டை வீங்கச் செய்யும் கவுட் நோயின் யூரிக் அமிலப் படிகங்கள் இந்த மணியை அடிக்கின்றன என்று கண்டனர். படிகம் மணியை அடிக்குமானால், கல்தூசியும் படிகந்தானே?

2008-ஆம் ஆண்டில் ஆய்வு முடிவுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. கல்நாரும் சிலிக்காவும் இந்த மணியை அடிக்கின்றன என்று லோசான் குழு காட்டியது. அலுமினிய உப்பும் அதே மணியைத்தான் அடிக்கிறது என்று யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது. மற்றோர் அமெரிக்கக் குழு, சிலிக்காப் படிகம், அலுமினிய உப்பு இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தது. இரண்டுமே விழுங்கணுவின் செரிமானப் பையைச் சிதைக்கின்றன. அக்கசிவே மணியை அடிக்கிறது என்றது. 1966-இல் கண்ட அதே உடைந்த பை! ஜேன்வே 2003-இலேயே மறைந்துவிட்டார். விடையின் ஒரு பகுதி அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது.

கினிப்பன்றிக்கு ஊசி போட்டவரும் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலை ஆராய்ந்தவரும் தனித்தனிப் பாதையில் நடந்து, இறுதியில் ஒரே உயிரணுவின் வாசலில் சந்தித்தனர். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அத்தாய் கேட்டது இந்த இடத்தைத்தான். 

நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த மணி இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில், அலுமினியத்தின் பயன் குறைந்ததாகச் சில ஆய்வுக்கூடங்கள் கண்டன; குறையவே இல்லை என்று வேறு சில கண்டன. ஊசி போட்ட இடத்தில் இறக்கும் அணுக்களிலிருந்து வெளிப்படும் மரபுப்பொருளும் உடலை எழுப்புகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். கிளென்னியின் கிடங்குக் கருத்தும் ஆட்டங்கண்டது. 2012-இல் எலிகளின் காதில் ஊசி போட்டு, இரண்டே மணி நேரத்தில் அவ்விடத்தை அகற்றிய போதும் எதிர்ப்பாற்றல் குறையவில்லை! ஆகவே அலுமினியம் ஒரே ஒரு வழியில் வேலை செய்வதாகக் கொள்ள இயலாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே?

எழுப்பப்படும் காவலாளி ஒருவனே எனில், ஒன்று கொல்வதும் மற்றொன்று காப்பதும் எவ்வாறு? நான் புரிந்துகொண்ட அளவில் கூறுகிறேன்.

முதலாவது, கரைதல். குவார்ட்ஸ் உடலுக்குள் எளிதில் கரைவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அலுமினிய உப்போ உடல்நீரில் மெல்ல மெல்லக் கரைகிறது. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தனி அடையாளமிட்ட அலுமினியத்தை முயல்களின் தசையில் செலுத்தி, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தனர். 28 நாள்களில் அலுமினிய ஹைட்ராக்சைடில் ஏறத்தாழ 17 விழுக்காடும், அலுமினிய பாஸ்பேட்டில் ஏறத்தாழ 51 விழுக்காடும் கரைந்து இரத்தத்தில் கலந்திருந்தன. அப்படிக் கலந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. விழுங்கிய அணு இறந்தாலும், அதே துகள் ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்த அணுவைக் கொல்லும் சங்கிலி இங்கே நீள்வதில்லை.

இரண்டாவது, அளவும் முறையும். ஐரோப்பிய மருந்து விதிநூலின்படி ஒருமுறை போடும் தடுப்பூசியில் 1.25 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருத்தலாகாது. வாழ்நாளில் சில முறைகளே போடப்படும் ஊசி அது. குவாரித் தொழிலாளியோ நாள்தோறும், மணிக்கு மணி, ஆண்டுக்கணக்கில் தூசியை உள்ளிழுக்கிறார்.

மூன்றாவது, இடம். தசையில் இரண்டு நாள் வீக்கம் இருந்தால் கை வலிக்கும், அவ்வளவே. மூச்சுக்காற்று புகும் மெல்லிய அறைகளில் தழும்பு விழுந்தால் மூச்சே போய்விடும்.

நான்காவது, துகளின் மேற்பரப்பும் வடிவும் அளவும். புதிதாக உடைந்த குவார்ட்ஸின் மேற்பரப்பு, நாட்பட்டதைவிடக் கொடியது. அம்மேற்பரப்பிலுள்ள ஒருவகை வேதிக்கூறே அணுவின் சவ்வைச் சிதைக்கத் தொடங்குகிறது என்று இத்தாலிய, பெல்ஜிய ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினர். ஒரே அலுமினியப் பொருளைக்கூட வெவ்வேறு நானோ வடிவில் செய்தால், எலிகளில் எதிர்ப்பாற்றலின் அளவு மாறுகிறது என்று கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2013-இல் கண்டனர்.

எல்லா நுண்துகளும் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கருவுற்ற எலிகளின் இரத்தநாளத்தில் சிலிக்காத் துகள்களைச் செலுத்திப் பார்த்தனர். 70 நானோமீட்டர் துகள்கள் கருவைப் பாதித்தன. அதே சிலிக்காவின் 300, 1,000 நானோமீட்டர் துகள்கள் அவ்வாறு செய்யவில்லை. பூனைகளிடையே, ஊசி போட்ட இடத்தில் மிக அரிதாகப் புற்றுக்கட்டி தோன்றுவதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1991-இல் எடுத்துரைத்தனர். அவற்றுள் சில கட்டிகளின் விழுங்கணுக்களில் அலுமினியமும் காணப்பட்டது. எனவே, "தூசி என்ன செய்யும்?" என்று கேட்பது மூடத்தனமன்று. எந்தத் தூசி, எவ்வளவு, எங்கே, எத்தனை காலம் என்று சேர்த்துக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

ஊசியைத் தவிர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டி, மலாக்காவிலும் கெடாவிலும் பிள்ளைகளின் உயிரைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2019-இல் ஜொகூரிலும் தடுப்பூசி போடாத ஒரு குழந்தை இந்நோயால் இறந்தது. நூலில் மட்டும் வாழும் பழைய நோயன்று அது.

மீண்டும் அத்தாயிடம்

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். ஆசிரியர் அறையின் ஓரத்தில் அமர்ந்து, பயிற்சிப் புத்தகத் தாளில் இரண்டு படங்கள் வரைந்து காட்டினேன். முதலில் நான் சொன்னது இதுதான்: "அம்மா, அன்னைக்கு உங்க கேள்விய நான் சரியா வாங்கிக்கல. நீங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. ரெண்டும் ஒடம்புல ஒரே காவலாளியத்தான் எழுப்புது."

பிறகு கரையும் துகளையும் கரையாத துகளையும் விளக்கினேன். நான் மருத்துவர் அல்லள். ஐயம் இருந்தால் கிளினிக்கில் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவர் தடுப்பூசிப் படத்தை அதிகம் பார்க்கவில்லை. நுரையீரல் படத்தின் மேலேயே விரலை வைத்திருந்தார்.

"அப்ப எங்கப்பா ஒடம்பு கடைசி வரைக்கும் சண்ட போட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. அப்படித்தானே டீச்சர்?"

"ஆமாம்மா."

"தூசி கெளம்பாம தண்ணி அடிச்சிக்கிட்டே தொளை போட்டிருந்தா?"

"நெறைய கொறைஞ்சிருக்கும்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. தூசியை நீரால் அடக்கும் முறை அவர் தந்தையார் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே உலகறிந்த ஒன்று.

படிவத்தை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் மகனின் பையில் கையொப்பத்துடன் வந்தது. ஊசி போடும்போது மகனுக்கு அருகில் தாம் நிற்கலாமா என்று அடியில் எழுதிக் கேட்டிருந்தார். தலைமையாசிரியர் இசைவு தந்தார். பையன் அழவில்லை. கையில் சிறு வீக்கம் இருந்து இரண்டு நாளில் வடிந்துவிட்டதாகப் பின்னர்ப் புலனத்தில் செய்தி அனுப்பினார்.

ஆசிரியர் நண்பர்களே, தடுப்பூசியை மறுக்கும் பெற்றோரை நாம் எளிதில் "படிக்காதவர்கள்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர்களின் அச்சத்துக்குப் பின்னால் மூச்சுத் திணறி மாண்ட ஒரு தந்தை இருக்கலாம். பெற்றோர்களே, உங்கள் ஐயத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு படிவத்தை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். வந்து கேளுங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறோம்.

மேலும் ஒன்று. கருங்கல்லும் சிமெண்டும் ஓடும் அறுக்கும் வேலை இன்றும் நம் ஊர்களில் நடக்கிறது. உங்கள் வீட்டில் அவ்வேலை செய்பவர் எவரேனும் இருந்தால், இக்கட்டுரையின் கல்தூசிப் பகுதியை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நீர் தெளித்து அறுக்கவும், தூசிக்குரிய முகக்கவசம் அணியவும் சொல்லுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது.